பலோமா மணக்குமா?

"ஊதுங்கோ."

வாசலில் சப்பாத்தைக் கழற்றக்கூட நான் விடமாட்டேன். மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு அவர் குனிவார். நான் எம்பி நின்று மூக்கை அவருடைய வாய்க்கு நேரே பிடிப்பேன். அவர் ஊதுவார். நான் கண்ணை மூடி மணந்து பார்ப்பேன்.

அதற்குப் பிறகுதான் என் மனிசன் சிவநேசன் தன் சொந்த வீட்டுக்குள் வரலாம்.

அன்றைக்கு ஏதோ கசப்பாக மணந்தது. கசப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு. கோடைகாலம், மாலை ஏழு மணிக்கும் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவில் பட்டப்பகல் போல வெயில். கீழே யாரோ பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது, கசக்கிற மாதிரி மணக்குது?"

"பழம் புழிஞ்சனான்."

"பழம் புழிஞ்சால் கையிலை மணக்கும். வாயிலை ஏன் மணக்குது?"

"புழிஞ்சதைக் குடிச்சும் பாத்தனான். பம்பிளிமாஸ் தண்ணி. வேறை ஒண்டுமில்லை, மலர்."

வேறை ஒண்டுமில்லை என்று ஒரு ஆண் தானாகச் சொன்னால் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். என் குணம் அப்படி. போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய தையல் தொழிற்சாலைக் கதையைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்கள் யாரையுமே நம்பமாட்டீர்களா?" என்று லாவாலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நம்புவேன் தங்கச்சி. நம்பியதற்கு நான் கொடுத்த விலையையும் இந்த வாரம் சொல்கிறேன்.

கை வைத்த தலை

கல்யாணமாகி மொன்றியலுக்கு வந்த முதல் வருடங்களில் அவர் குடித்தார். எல்லாரும்தான் குடித்தார்கள். சனிக்கிழமை ஒருவருடைய அறையில் கூடுவார்கள், கோழி பொரிப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். பிறகு ஊரைப் பற்றிக் கதைத்து அழுவார்கள். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மனிசன் கவலையை ஆற்றுகிறார் என்று நம்பினேன்.

எங்கள் மகள் ஆரணிக்கு மூன்று மாதம். பனிக்காலம். பக்கத்துக் கட்டடத்தில் ராணி அக்கா வீட்டில் பிள்ளையை விட்டிருந்தேன். "நான் போய்த் தூக்கியாறன்" என்று அவர் போனார். அவர் குடித்துவிட்டு நிற்கிற நிலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

இந்த நகரத்து வெளிப்படிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரும்புப் படி, அதுவும் வளைந்த படி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஐஸ். பிள்ளையோடு வழுக்கி விழுந்தார். விழுகிற நேரம் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து முழங்கையைக் கீழே கொடுத்திருக்கிறார். ஆரணிக்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய கை இரண்டு இடத்தில் முறிந்தது.

அடுத்த நாள் ஒரு கையில் மாவுக்கட்டு. மற்றக் கையைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்துச் சத்தியம் செய்தார்.

"இனி ஒரு சொட்டு என்ரை நாக்கிலை பட்டால் இந்தப் பிள்ளை எனக்கில்லை."

பிள்ளையின் தலையில் அடித்த சத்தியம் நம் ஆட்களிடையே சும்மா வார்த்தை இல்லை. மீறினால் அது மீறியவரைத் தாக்காது. கை வைத்த தலையைத்தான் தாக்கும். எனக்கு அவர் சத்தியம் செய்த சந்தோஷத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து என் பிள்ளையின் உயிர் அவருடைய நாக்கு நுனியில் இருப்பதாகவே நினைத்தேன்.

என் பக்கத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒரு சூட்கேஸில் எனக்கும் பிள்ளைக்கும் உடுப்பு அடுக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஒரு நாள் வாய் மணந்தாலும் ரொறொன்ரோவில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் அந்தச் சூட்கேஸை இறக்கி, பிள்ளையின் சிறுத்துப்போன உடுப்பை எடுத்துவிட்டு அடுத்த அளவை வைப்பேன்.

குடிக்காத பார்மன்

அவர் சென் டெனி வீதியில் ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் கோப்பை கழுவினார். பகல் வேலை. ஒரு நாள் பார்மன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி சுற்றிப் பார்த்திருக்கிறார். அங்கே வேலை செய்தவர்களில் போத்தலைத் தொடாத ஒரே ஆள் என் மனிசன்தான். அவரையே பாரில் நிறுத்திவிட்டார்.

"குடிக்காத ஆள் எண்டபடியால்தானப்பா தந்தவங்கள்" என்று இவர் பெருமையாகச் சொன்னார். நான் ஐந்து வருடமாக இவரை எதிலிருந்து ஒளித்து வைத்தேனோ, அதற்கு நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

உணவகங்களுக்குள் புகை பிடிக்கக்கூடாது என்று இங்கே சட்டம் வந்த கோடை அது. அதுவரை அவருடைய சட்டையில் சிகரெட் மணத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு மணமும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியது. வெங்காயம், சுட்ட சோளம், அதற்கு மேலே அந்தக் கசப்பு. அரசாங்கம் எனக்காகவே சட்டம் போட்டது போல இருந்தது.

வீட்டிலும் ஆளின் நடமாட்டம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை பை நிறையப் பம்பிளிமாஸும், எலுமிச்சை என்று சிலர் சொல்கிற தேசிக்காயும் வாங்கி வருவார். நான் சொல்கிற பம்பிளிமாஸ் ஊரில் தலையளவு காய்க்கிறது இல்லை; இங்கே கடையில் விற்கிற, உள்ளே சிவந்த சிறியது. குசினி மேசையில் ஐந்தாறு கிளாஸ் வரிசையாக நிற்கும். பிழிவார், உப்புப் போடுவார், சோடா ஊற்றுவார், குடிப்பார், தலையை ஆட்டுவார், கொப்பியில் ஏதோ எழுதுவார்.

"என்ன செய்யிறியள்?"

"எங்கடை பாரிலை விக்கிற பலோமாவுக்கு அளவு பாக்கிறன். புளிப்பும் உப்பும் சரியாய் வந்தால் அங்கை போய்த் தெக்கீலாச் சாராயத்தைச் சேர்க்கலாம்."

அவர் அங்கால் போனதும் கிளாஸ்களின் அடியில் மிஞ்சியதை நான் ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தேன். நாங்கள் வெயிலுக்குக் குடிக்கிற தேசிக்காய்த் தண்ணீருக்கு உப்புப் போட்டது போலத்தான் இருந்தது, கொஞ்சம் கைத்தது. சாராயம் என்று ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ராணி அக்கா அதையும் கெடுத்தார்.

"தெக்கீலா மணக்காதாமடி. அதுதான் வேலைக்குப் போற ஆக்கள் அதைக் குடிக்கிறவையாம். நீ ஊதச்சொல்லி என்ன பிரயோசனம்?"

அந்த நாளிலிருந்து மணந்தாலும் சந்தேகம், மணக்காவிட்டாலும் சந்தேகம்.

புறாவின் பூர்வீகம்

பலோமா என்றால் ஸ்பானிய மொழியில் புறா. அவருடைய வாயால் அந்தப் பெயரை நான் கேட்காத நாள் இல்லை. கேட்டதையெல்லாம் சாட்சியம் போல மனதில் பதிந்து வைத்தேன். அதனால் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

தெக்கீலா ஒரு கற்றாழையிலிருந்து வருகிறது. எங்கள் வேலியோரத்து யானைக் கற்றாழைக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒன்று. ஏழெட்டு வருடம் வளர விடுவார்களாம். பிறகு மடல்களை வெட்டி எறிந்தால் நடுவே அன்னாசி போல ஒரு பெரிய கிழங்கு. அதை அவித்து, நசித்து, புளிக்க வைத்து வடிக்கிறார்கள். பீப்பாயில் கிடக்காமல் வெள்ளையாக வருவதுதான் பலோமாவுக்கு நல்லதாம்.

பம்பிளிமாஸ் சோடா மெக்சிக்கோவுக்கு அமெரிக்காவிலிருந்து போனதாம். யாரோ ஒரு ஆள் அதைத் தெக்கீலாவில் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டால் பதில் இல்லை. ஒவ்வொரு ஊர்க்காரரும் எங்கள் ஊர் என்பார்கள். புறா என்று ஏன் பெயர் என்றால் அதற்கும் நாலு கதை. அகதி விசாரணையில் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தப் பானத்தின் மேலேயும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"வெளியாக்கள்தான் மார்கரீட்டா கேப்பினமாம். ஊராக்கள் குடிக்கிறது இதைத்தானாம். லுப்பீத்தா சொன்னவள்."

இந்த லுப்பீத்தாதான் அடுத்த தலையிடி. சோடா இனிப்புக் கூட, பழத்தையே பிழி என்று லுப்பீத்தா சொன்னாள். உப்பைக் கிளாஸ் விளிம்பில் பாதிக்கு மட்டும் தடவு, மற்றப் பாதி வேண்டாதவர்களுக்கு என்று லுப்பீத்தா சொன்னாள். நேற்றுப் புளிப்புக் கூடிவிட்டது என்று லுப்பீத்தா சொன்னாள். யாரவள் என்றால், "அங்கை பரிமாறுறவ" என்பதோடு கதை முடியும். என் மனிசன் கலக்குவதை ஒவ்வொரு நாளும் ருசி பார்த்துச் சொல்ல ஒருத்தி. எனக்கு இரண்டு பக்கத்தாலும் எரிந்தது.

காய்ச்சல்

யூலை மாதம் ஒரு பகல், தையல் தொழிற்சாலைக்கு, ஆரணியை விடுகிற பிள்ளைக் காப்பகமான கார்தெரியிலிருந்து தொலைபேசி வந்தது. அவளுக்குக் காய்ச்சல். போய்த் தூக்கினால் பிள்ளை அடுப்பு மாதிரிக் கொதித்தாள். கார்தெரிப் பெண் பிரெஞ்சில் ஏதோ விளக்கினாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் நான் நிற்கவில்லை. என் மனதில் ஒரே ஒரு வரிதான் ஓடியது: சத்தியம் போய்விட்டது.

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வர ஆயிரம் காரணம் உண்டு. அன்று எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. அவர் எங்கேயோ, எப்போதோ ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டார். அது தலையைத் தேடி வந்துவிட்டது.

மாலை அவர் வந்து ஊதினார். அதே கசப்பு. அவர் குளிக்கும்போது சட்டைப் பை, காற்சட்டைப் பை, வேலைப் பை எல்லாவற்றையும் தேடினேன். ஒரு துண்டு நீல ஸ்ட்ரோ மட்டும் கிடைத்தது. அதையும் மணந்து பார்த்தேன்.

அடுத்த நாள் காலையும் காய்ச்சல் விடவில்லை. அவர் வேலைக்குப் போகாமல் நின்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி போட்டார். அந்தக் கை அவள் தலையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆவேசம் வந்தது.

"காய்ச்சல் மருந்துப் பாணி முடிஞ்சுது. வாங்கியாறன்" என்றேன்.

மருந்துக்கடை தெரு முனையில். நான் அதைத் தாண்டி நடந்து பார்க் மெட்ரோவில் ஏறினேன். ஜோன் தலோனில் மாறி, மோன் ரோயாலில் இறங்கினேன். உண்மை தெரிந்தால் அன்று மத்தியானமே சூட்கேஸை இறக்குவது என்று முடிவு.

ஸ்ட்ரோவுக்குள் ஒரு துளி

மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. பாருக்குப் பின்னால் ஒரு பெண் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த கொண்டை, முழங்காலில் பட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி.

"லுப்பீத்தா எங்கே?" என்று கேட்டேன்.

"நான்தான்."

இதுவரை அவள் என்று எழுதினேன். இனி அவர். மன்னித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புக்கு அவரும் என்னைப் போலவே போனவர். இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒரே தரம். அதனால் நன்றாக விளங்கியது. அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். நான் சிவநேசனின் மனைவி என்றதும், "பிள்ளைக்கு எப்படி?" என்றுதான் முதலில் கேட்டார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"என் கணவர் இங்கே குடிக்கிறாரா?"

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு நீல ஸ்ட்ரோவை எடுத்து ஒரு கிளாஸுக்குள் விட்டு, மேல் துளையை விரலால் மூடித் தூக்கினார். ஸ்ட்ரோவுக்குள் இரண்டு துளி நின்றது.

"ஒவ்வொரு பார்மனும் கொடுக்க முன் இப்படி எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பான். அது தொழில். உன் கணவர் எடுப்பார், என்னிடம் நீட்டுவார். என் நாக்கில்தான் விடுவார். நான் விடுமுறை என்றால் சமையற்காரனைக் கூப்பிடுவார். இரண்டு துளிதானே, துப்பிவிடு என்று சொன்னேன். மகள் தலை என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை."

ஆனாலும் புத்தி விடவில்லை. ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள், காட்டிக்கொடுப்பார்களா?

"அவருடைய வாய் கசப்பாக மணக்கிறது."

லுப்பீத்தா ஒரு பம்பிளிமாஸ் தோலை என் மூக்கடியில் மடக்கி அமர்த்தினார். எண்ணெய் தெறித்தது. அதே மணம். பிறகு தெக்கீலாப் போத்தலைத் திறந்து நீட்டினார். அது வேறு. பச்சை இலையை நெருப்பில் வாட்டியது போல ஒரு காரம். அவருடைய வாயில் நான் அதை ஒரு நாளும் மணந்ததில்லை.

"குடித்த பிறகு மணம் மாறலாம்தானே?" என்றேன்.

"மாறலாம்."

"அப்படியென்றால் எனக்கு ஒன்று கலக்குங்கள்."

என் வாழ்க்கையில் நான் பியர் நுரைகூடத் தொட்டவள் இல்லை. லுப்பீத்தா சிரிக்கவில்லை. உயரமான கிளாஸ் ஒன்றின் விளிம்பில் பாதிக்குத் தேசிக்காய் தேய்த்து, கல்லுப்பில் ஒற்றினார். ஐஸ் நிரப்பினார். இரண்டு அவுன்ஸ் தெக்கீலா. பிறகு குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு ஜக்கை எடுத்தார். பழச்சாறும் தேசிப்புளியும் உப்பும் கொஞ்சம் சீனியும் சேர்த்து என் மனிசன் முதல்நாளே கலக்கி வைத்துவிட்டு வந்தது. பாதிக்கு அதை ஊற்றி, மேலே சோடா விட்டு, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தரம் தூக்கிக் கலக்கினார். அதிகம் கலக்கினால் சோடா செத்துவிடுமாம்.

முதல் மிடறு தேசிக்காய்த் தண்ணீர் மாதிரி இறங்கியது. வெயிலில் வந்த உடம்புக்குச் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது மிடறில் நெஞ்சு சுட்டது. முழுவதையும் குடித்தேன். உள்ளங்கையைக் குவித்து ஊதி மணந்தேன். இப்போது தெரிந்தது. தோலின் கசப்புக்கு அடியில் அந்த வாட்டிய இலை மணம், மறைக்கவே முடியாத மாதிரி. ஐந்து வருடத்தில் ஒரு மாலைகூட இந்த மணம் என் வாசலுக்கு வரவில்லை.

நான் பாரில் தலையைக் கவிழ்த்து அழுதேன். லுப்பீத்தா ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். அவருடைய அகதி வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தன்னை யாராவது நம்பவேண்டுமே என்று காத்திருக்கிற ஒரு பெண் என்னை நம்ப வைக்க அவ்வளவு பாடுபட்டார்.

வாசல்

மருந்துக்கடையில் காய்ச்சல் பாணி வாங்கும்போது காசாளர் பெண் என் வாய் மணம் பட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். எனக்குக் காது சுட்டது. காய்ச்சல் பிள்ளையை விட்டுவிட்டு மத்தியானம் குடித்துவிட்டு வருகிற தாய். நானே என்னைப் பார்த்திருந்தால் என்னென்ன நினைத்திருப்பேன்.

மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். அவர் கதவைத் திறந்தார். நான் வாசலிலேயே நின்றேன். ஐந்து வருடமாக அவர் நின்ற அதே இடம். ஊது என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

அவர் பாணிப் போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கரண்டியில் அளந்து பிள்ளைக்குக் கொடுத்தார்.

"கையிலை காலிலை கொப்புளம் போட்டிருக்கு. கார்தெரியிலை இன்னும் மூண்டு பிள்ளையளுக்கு இருக்காம். கடிதம் தந்து விட்டிருக்கினம், அவளின்ரை பையுக்கை கிடந்தது. ஒரு கிழமையிலை மாறிடுமாம்" என்றார்.

அவருடைய பையெல்லாம் தேடிய நான், பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கவில்லை.

ஆரணி உறங்கியதும் குசினிக்கு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் உங்கடை வேலையிடத்துக்குப் போனனான். அங்கை குடிச்சும் பாத்தனான்."

"தெரியும். கதவு திறக்கேக்கையே மணந்தது."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

அவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். மேசையில் விரலால் எதையோ தேய்த்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது.

"கேக்கத்தான் நினைச்சனான்" என்றார். "எப்பிடி இருந்தது?"

"எது?"

"நான் கலக்கினது. எல்லாரும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுறாங்கள். நீர் பொய் சொல்லமாட்டீர். அதுதான் கேக்கிறன்."

முகத்தை உற்றுப் பார்த்தேன். நக்கலா என்று தேடினேன்; பழக்கம் லேசில் போகாது. நக்கல் இல்லை. கோடை தொடங்கியதிலிருந்து நூற்றுக்கணக்கான கிளாஸ் கலக்கி, ஒன்றின் ருசியும் தெரியாத மனிசன், பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு ஒரு சிட்டிகை கூட" என்றேன். அழுகையோடுதான் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொன்னேன்.

"ம்" என்று எழுந்துபோய்க் கொப்பியைத் திறந்தார்.

அடுத்த கிழமை மெட்ரோவில் லுப்பீத்தாவைக் கண்டேன். சிவநேசன் உப்பைக் குறைத்துவிட்டார் என்றார். இவ்வளவு நாளும் தான் சரியென்று சொன்ன அளவை மாற்றுகிறாரே என்று லுப்பீத்தா ஸ்ட்ரோவை எடுத்துக்கொண்டு ருசி பார்க்கப் போனாராம்.

"தேவையில்லை, என் மனைவி பார்த்துவிட்டாள்" என்றாராம்.